வித்தணுப் புற்றும் குருத்தணு மாற்றமும்

(தூத்துக்குடியில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியம் பற்றிப் பேசத் தமிழாசிரியர் ஒருவரை நிறுத்துவது முறையோ என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். காரியதரிசி அவர்கள் அழைத்தபோது யாமும் அதனையே வினவினோம். அதற்கு அவர், "மருந்தின் திறத்தை டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், எங்களுக்கு விளங்காதது சொல்லே, சொல்லை விளக்குதல் உம்முடைய தொழில் அன்றோ?" என்றார். மறுக்க இயலவில்லை. சில திங்களாக டாக்டர்கள் சிலரிடம் கேட்டும், அவர்கள் காட்டிய ஆராய்ச்சி ஏடுகளைப் படித்தும் யாம் தெளிந்தவற்றையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

இப்பேச்சுக்கு நேர்ந்த காரணம் நீங்கள் அறிந்ததே. சங்கத்தின் மருத்துவ உதவி நிதிக்கு வந்த விண்ணப்பம் ஒன்றில் 'ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை' என்று எழுதியிருந்தது. அதனைக் கண்ட நிருவாகக் குழுவினர் இருசாராராயினர். ஒரு சாரார், போன உயிரையும் மீட்கும் அற்புதம் இது என்றனர். மற்றொரு சாரார், திரும்பி வந்த புற்றுநோய்க்குப் பணம் கொடுப்பது கடலிற் கரைத்த பெருங்காயம் என்றனர். விண்ணப்பித்த குடும்பம் இன்னது என்று யாம் சொல்லப்போவதில்லை. அறிந்தோரும் வெளியிடாதிருப்பது கடன். அச்சிகிச்சை யாது, அதனாற் பிழைப்போர் எத்தனை பேர், பிழைத்தோர் பத்தாண்டு இருபதாண்டு கழித்து எவ்வாறு இருக்கின்றனர் என்னும் மூன்றையும் அறியாமல் நிதியைக் கொடுத்தலும் தவறு, மறுத்தலும் தவறு.

முதலில் நோயின் பெயர். புற்று என்பது நம் முன்னோர் இட்ட பெயர். கறையான் மண்ணை எடுத்து மேடாக்குவது போல உடலில் எழும்பிப் புரையோடுவதால் வந்தது. மேனாட்டார் இதனை நண்டு என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். கட்டியைச் சுற்றிப் புடைத்து நின்ற நாளங்களைக் கண்ட கிரேக்க வைத்தியர்க்கு நண்டின் கால்கள் நினைவுக்கு வந்தன என்ப. நிற்க. புற்று என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்கு இட்ட பொதுப்பெயர். இன்று நாம் எடுத்துக்கொண்டது வித்தணுப் புற்று. ஆணிடத்து விந்தணுவாகவும் பெண்ணிடத்துச் சினைமுட்டையாகவும் பின்னர் விளையவிருக்கும் மூல அணுக்களை 'ஜெர்ம் செல்' என்பர். அதனையே யாம் வித்தணு என்கின்றோம். குழவி கருவில் உருவெடுக்குங்கால் இவ்வணுக்கள் தோன்றிய இடத்தே நில்லாமல், உடலின் நடுக்கோட்டு வழியே பெயர்ந்து சென்று விரைகளிலோ சினைப்பையிலோ குடிபுகும். அதனால்தான் இந்நோய் பெரும்பாலும் விரையிலும், சிறுபான்மை பெண்களின் சினைப்பையிலும், அரிதாக நெஞ்சின் நடுவிலும், அடிவயிற்றின் பின்புறத்திலும், மூளையினுள்ளும் தோன்றுகிறது.

தாய்மார் இருக்கும் அவையில் இத்தகைய உறுப்பின் பெயரைச் சொல்லலாகாது என்று ஒரு பெரியவர் முன்னரே எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். அப்பெரியவரிடம் எமக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இவ்விஷயத்தில் அவர் சொல்லைக் கேட்பதற்கில்லை. ஏனெனில் இந்நோய் மற்றைப் புற்றுகளைப் போல முதியோரை நாடுவதன்று. பதினைந்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட காளைப்பருவத்தாரையே மிகுதியும் பற்றுகிறது. துறைமுகத்துக்கும், வள்ளத்துக்கும், உப்பளத்துக்கும், கல்லூரிக்கும் செல்லும் பிள்ளைகள் அவர்கள். வீட்டின் முதற் சம்பாத்தியக்காரர்கள். வலியில்லாத சிறு கட்டியாகத் தொடங்கும். அல்லது ஒரு பக்கம் கனத்தாற்போல இருக்கும். பையன் வெட்கப்பட்டு வாய் திறவான். திறந்தாலும், ஓதம் என்றும், அண்டவாதம் என்றும், பந்து பட்ட வீக்கம் என்றும் சொல்லிப் பற்றுப் போட்டு ஆறு மாதம் கழித்துவிடுவர். அதற்குள் அது அடிவயிற்று நெறிக்கட்டிகளுக்கும் நுரையீரலுக்கும் ஏறிவிடும். 'முற்றிய வித்தணுப் புற்று' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதப்படுவதன் பின்னே பல வீடுகளில் இந்த ஆறு மாத மௌனம் இருக்கிறது. பிறந்த ஆண்குழந்தைக்கு விரை இறங்காமல் வயிற்றினுள்ளே தங்கியிருப்பின், பிற்காலத்து இந்நோய் வரும் வாய்ப்பு அவனுக்கு மிகுதி. ஆதலின் தாய்மார் அதனைக் கவனித்து, ஓராண்டு நிறைவதற்குள் டாக்டரிடம் காட்டிவிடல் வேண்டும். பெண்மக்களிடத்து இது அடிவயிற்று வீக்கமாகவும் வலியாகவும் வரும். மாதவிலக்குக் கோளாறு என்று தள்ளிவிடுதல் கூடாது.

இனி இந்நோயின் வரலாற்றிலே ஒரு வியப்பு உண்டு. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னே உடலெங்கும் பரவிய விரைப்புற்றுக்கு ஆளான பத்து இளைஞருள் ஒருவர் பிழைத்தாலே அரிது. 1965-ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பார், மின்சாரம் பாயும் நீரிற் கிருமிகள் எங்ஙனம் வளர்கின்றன என்று பார்க்கப்போய், அவை பிளவுபட்டுப் பெருகாமல் நின்றுவிட்டதைக் கண்டார். மின்சாரம் செய்த வேலையன்று அது. மின்முனையாக வைத்திருந்த பிளாட்டினம் என்னும் உலோகம் கரைந்து செய்த வேலை. அதிலிருந்து பிறந்ததே 'சிஸ்பிளாட்டின்' என்னும் மருந்து. தட்டார் வீதியில் ஒருகாலத்துப் பொன்னினும் உயர்ந்ததாக விற்ற உலோகம், நரம்பில் ஏற்றும் மருந்தாயிற்று. 1974-இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்து டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், வேறு மருந்துகள் யாவும் பயனற்றுப்போன ஓர் இளைஞர்க்கு இதனை வேறிரண்டு மருந்துகளோடு கூட்டிக் கொடுத்தார்; நுரையீரலில் நிறைந்திருந்த கட்டிகள் கரைந்தன. இன்று பரவிய நிலையில் வரும் நோயாளருள்ளும் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர். உடலெங்கும் பரவிய பின்னும் இத்தனை பேரை மீட்கவல்ல கட்டிப்புற்று வேறொன்றைக் காண்பது அரிது.

நம் நாட்டார் கண்கூடாகக் கண்ட சான்றும் ஒன்றுளது. 2011-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் தொடரின் சிறந்த ஆட்டக்காரராக விளங்கிய யுவராஜ் சிங்குக்கு நெஞ்சின் நடுவே வித்தணுப் புற்று இருந்தது. ஆடுங்கால் இருமலும் மூச்சுத் திணறலும் அவரை வருத்தின. 2012-இல் இந்தியானாபோலிஸ் நகருக்குச் சென்று, மேற்சொன்ன ஐன்ஹார்ன் அவர்களிடமே மூன்று சுற்று மருந்து ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைச் சேப்பாக்கத்து மைதானத்தில் மீண்டும் ஆடினார். இதிற் கவனிக்க வேண்டியது ஒன்று: அவர்க்குக் குருத்தணு மாற்றம் செய்யப்படவில்லை; தேவைப்படவும் இல்லை. வழக்கமான மருந்தே போதுமானதாயிற்று. 'யுவராஜுக்குச் செய்தது போலச் செய்யுங்கள்' என்று டாக்டரிடம் கேட்போர் இதனை நினைவிற் கொள்க.

ஆயினும் எல்லார்க்கும் அது போதுவதில்லை. 1997-இல் பல நாட்டு வைத்தியர் கூடி இந்நோயாளரை நன்னிலை, இடைநிலை, கடைநிலை என முத்திறமாகப் பகுத்தனர். கடைநிலையினருள் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் அந்நாளில் நூற்றுக்கு 48 பேர். 2021-இல் வெளிவந்த புதிய கணக்கின்படி, நன்னிலையில் 96, இடைநிலையில் 89, கடைநிலையில் 67. (இவை செமினோமா அல்லாத வகைக்குரியன.) எஞ்சியவர்க்கு நோய் மருந்துக்கு அடங்காமற் போகிறது, அல்லது அடங்கிய நோய் சில திங்களில் தலைதூக்குகிறது. அவர்களுக்கு உரியதே இப்பொழுது நாம் பேசப்போகும் சிகிச்சை.

மருந்து ஏன் தோற்கிறது? போதிய அளவு கொடுக்க இயலாமையால். மருந்தைப் பன்மடங்கு கூட்டினால் புற்றணு அழியும். ஆனால் அதனோடு எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையும் அழியும். இரத்தத்தின் செவ்வணு, வெள்ளணு, உறைவணு யாவும் பிறக்கும் தாய்வீடு மஜ்ஜையே. அது வறண்டால் மனிதன் சில வாரங்களிற் கிருமித் தொற்றாலோ குருதிப் பெருக்காலோ மாள்வான். அந்த மஜ்ஜையில் இருந்துகொண்டு, வாழையடியில் கன்று வெடிப்பதுபோல இரத்த அணுக்களை ஓயாது ஈன்றுகொண்டிருக்கும் மூல அணுவே குருத்தணு. 'ஸ்டெம் செல்' என்பது இதுவே.

இவ்விடத்தில் நம் கரையின் பழந்தொழிலை நினைத்தால் விளங்காதது ஒன்றும் இல்லை. கொற்கைக் காலந்தொட்டு இக்கடலில் நடந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு நின்றுபோயிற்று. அதனைக் கண்ணாற் கண்ட பெரியோர் இன்று மிகச் சிலரே. குளிப்பவன் காலிற் கல்லின் கனத்தைக் கொண்டு பாரின்மீது இறங்குவான். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழிருந்து அசைவு வந்ததும் இழுத்துவிட வேண்டும். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே நிறுத்துவர் என்றும், தன் உடன்பிறந்தாளின் தாலியை நினைத்து அவன் கை சோரான் என்றும் நம் வீடுகளிற் சொல்வதுண்டு. சிப்பியை அள்ளியவன் குளித்தவனா, கயிறு பிடித்தவனா? குளித்தவனே. ஆனால் கயிறு பிடித்தவன் இல்லையேல் அத்துணை ஆழத்துக்கு அவன் இறங்கியிருக்கவே மாட்டான்.

குருத்தணு மாற்றமும் அத்தகையதே. புற்றை அழிப்பது குருத்தணு அன்று. பன்மடங்கு அளவிற் கொடுக்கும் மருந்து. அம்மருந்தின் ஆழத்திலிருந்து நோயாளனை மேலே இழுத்துவிடும் கயிறு குருத்தணு. 'மாற்று' என்னும் சொல், பழுதான உறுப்பை நீக்கி நல்லுறுப்பை வைப்பது போன்ற எண்ணத்தைத் தருகிறது. சிறுநீரக மாற்றம், கண்மணி மாற்றம் என்பன போல. ஈண்டு அவ்வாறன்று. பிறர் எவரிடமிருந்தும் எதுவும் பெறுவதில்லை. தன்னுடையதையே முன்னர் எடுத்துச் சேமித்துப் பின்னர்த் தனக்கே ஏற்றிக்கொள்வது. இரத்தப் புற்றுக்கு உடன்பிறந்தார் மஜ்ஜையைப் பெற்றுச் செய்யும் மாற்றம் வேறு; அதிலே அயலணு உடலோடு பொருதும் பேரிடர் உண்டு. இதில் அவ்விடர் இல்லை. ஆதலால் 'குருத்தணு மீட்பு' என்பதே இதற்குப் பொருந்தும் பெயராகும் என்பது எம் கருத்து.

செய்முறை சுருங்கச் சொல்வோம். முதலிற் சில நாள் ஓர் ஊசி போடுவர். அதனால் மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் பெருகி இரத்தத்தில் இறங்கி ஓடும். பின்னர் ஒரு கையிலிருந்து இரத்தத்தை இயந்திரத்தினூடே செலுத்திக் குருத்தணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை உடலுக்கே திருப்பி அனுப்புவர். சில மணி நேரம் ஆகும், கத்தி படுவதில்லை. பிரித்ததைப் பையில் அடைத்து, கெடாதிருக்க ஒரு மருந்தைக் கலந்து, சுழியத்துக்குக் கீழ் 196 பாகை குளிருள்ள திரவ நைட்ரஜனில் வைப்பர். அடுத்து 'கார்போபிளாட்டின்', 'எட்டோபோசைட்' என்னும் இரு மருந்துகளை மூன்று நாள் மிக உயர்ந்த அளவில் ஏற்றுவர். இரண்டொரு நாள் இடைவிட்டு, உறைந்த பையை இளக்கி, சாதாரணமாக இரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றிவிடுவர். கலந்த மருந்தின் காரணமாக அன்று அறை முழுதும் வெள்ளைப்பூண்டு வாடை வீசும். உடனிருப்போர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஏற்றிய குருத்தணுக்கள் தாமே வழியறிந்து எலும்பினுட் புகுந்து முளைக்கப் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஆகும். அந்நாள்களே கண்டம். வாயெல்லாம் புண்ணாகும், காய்ச்சல் வரும், வெள்ளணு இல்லாமையால் சிறு கிருமியும் பெரும்பகையாகும். அறைக்குள் உறவினர் கூட்டம் போவதும், பூவும் பழமும் கொண்டு செல்வதும் அன்பன்று. இரத்தம் தேறியபின், மற்றொரு முறையும் இவ்வாறே செய்வர்.

ஏன் இருமுறை? ஒரேயடியாக மிக ஆழம் இறங்கினால் என்ன? இதனை ஜெர்மானிய வைத்தியர் சோதித்தனர். நோய் திரும்பிய 211 பேரைச் சீட்டுக் குலுக்கியது போல இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்குப் பேரளவு மருந்தைப் படிப்படியாக மும்முறையும், மற்றப் பகுதியார்க்கு ஒரே முறை மிகவுயர்ந்த அளவிலும் கொடுத்தனர். சிகிச்சையினாலேயே இறந்தோர் முதற்பகுதியில் நூற்றுக்கு 4, இரண்டாவதில் 16. 2012-இல் வெளியான நெடுநாட் கணக்கின்படி ஐந்தாண்டு வாழ்ந்தோர் முதற்பகுதியில் நூற்றுக்கு 49, இரண்டாவதில் 39. இதனை முத்துக்குளித்தவர் எவரிடம் சொன்னாலும் வியப்படைந்திரார். மூச்சுக்கு ஏற்ற அளவிற் பலமுறை மூழ்குபவனே மாலையிற் கரையேறுவான்.

இந்தியானாவில் 1996 முதல் 2004 வரை இருமுறைச் சிகிச்சை பெற்ற 184 பேரின் கணக்கு 2007-இல் வெளிவந்தது. அவர்கள் எல்லாரும் முன்பு மருந்து ஏற்றும் நோய் அடங்காதவர்கள். அவருள் 116 பேர், நடுத்தரமாக நான்காண்டு பார்த்துவந்த காலம்வரை நோயின்றி இருந்தனர். முதல் மருந்து தோற்றவுடனே இதனைப் பெற்ற 135 பேருள் 94 பேரும், இரண்டு மூன்று மருந்துகள் தோற்ற பின்னர்ப் பெற்ற 49 பேருள் 22 பேரும் தேறினர். இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: காலந்தாழ்த்தியவர்க்குப் பாதிக்கும் குறைவு. சிகிச்சையின்போதே மருந்தினால் இறந்தோர் மூவர். பின்னர் மருந்தின் விளைவாக இரத்தப் புற்றுக்கு ஆளானோர் மூவர். அதே இடத்தில் 2004 முதல் 2014 வரை 364 பேருக்குச் செய்தபோதும் ஈராண்டு நோயின்றி இருந்தோர் நூற்றுக்கு 60. சிகிச்சையால் இறந்தோர் ஒன்பதின்மர். நியூயார்க் நகரில் 107 பேர்க்குச் செய்து 2010-இல் வெளியிட்ட கணக்கில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 52. ஈராண்டு கடந்தபின் அவருள் எவர்க்கும் நோய் திரும்பவில்லை.

ஆகவே கடலிற் கரைத்த பெருங்காயம் என்பது பிழை. அற்புதம் என்பதும் பிழை. பத்துப் பேரில் ஐவர் அல்லது அறுவர் மீள்கின்றனர், நால்வர் அல்லது ஐவர் மீள்வதில்லை. நெஞ்சின் நடுவே தோன்றிய செமினோமா அல்லாத வகையாயின் பயன் இன்னும் குறைவு. மற்றொன்றும் சொல்ல வேண்டும். 'இத்துணை வல்லமையுடையதாயின் முதலிலேயே இதனைச் செய்துவிடலாமே' என்று பணமுள்ள சிலர் கேட்கின்றனர். அதனையும் சோதித்துப் பார்த்துவிட்டனர். அமெரிக்காவில் 219 பேரைக் கொண்டு செய்து 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதலிலேயே பேரளவு மருந்து பெற்றோர்க்கும் வழக்கமான மருந்து பெற்றோர்க்கும் பயனில் வேறுபாடு காணப்படவில்லை. தேவையில்லாதவனை ஆழத்தில் இறக்குவதாற் பயன் யாது?

இனித்தான் இப்பேச்சின் முதன்மையான பகுதி. பிழைத்தவன் வயது இருபத்தைந்து. இன்னும் ஐம்பதாண்டு அவன் வாழ வேண்டும். அவ்வைம்பதாண்டின் செய்தி யாது?

பிளாட்டினம் உடலைவிட்டு எளிதிற் போவதன்று. சிகிச்சை முடிந்து இருபதாண்டு கழித்தும் இரத்தத்தில் அதன் சுவடு காணப்படுகிறது. அது முதலிற் கெடுப்பது செவியை. உட்செவியிலுள்ள மயிர் போன்ற நுண்ணணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த ஒலிகள் முதலிற் கேளாதொழியும், காதில் ஓயாத இரைச்சல் நிற்கும். பேரளவு மருந்து பெற்றோரிடத்து இது மிகுதி. துறைமுகத்தில் பாரந்தூக்கியின் மணியோசையைக் கேட்டு விலக வேண்டிய தொழிலாளிக்கு இது உயிர் சம்பந்தமான குறை. கைவிரல் கால்விரல்கள் மரத்துப்போகும். வலை முடிவோர்க்கும் கணக்கு எழுதுவோர்க்கும் அதன் துன்பம் சொல்ல வேண்டுவதில்லை. சிறுநீரகம் தளரும், உப்பளத்து வெயிலில் நீரருந்தாமல் நாள்முழுதும் நிற்பது இனி அவர்க்கு ஆகாது. சிலருக்கு ஆண்மைச் சுரப்புக் குறைந்து சோர்வும் மனத்தளர்ச்சியும் உண்டாகும். இதனைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவர். ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்தால் தெரியக்கூடியது அது. இரத்த அழுத்தமும், கொழுப்பும், இருதய நோயும் மற்றவரினும் முன்னதாக வருகின்றன. அவர்கள் புகையிலையைத் தொடலாகாது.

நம் கரையார்க்கென்றே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இதனை வேறிடத்துப் பேச்சுகளிற் கேட்டிருக்கமாட்டீர்கள். முதற் சிகிச்சையிற் கொடுக்கும் மருந்துகளுள் 'பிளியோமைசின்' என்பது ஒன்று. அது நுரையீரலைத் தழும்பாக்க வல்லது. அம்மருந்து பெற்றவர், அழுத்திய காற்றைச் சுவாசித்துக் கடலடியில் இறங்குவது நுரையீரலுக்குக் கேடு தரலாம். முத்துக்குளிப்பு நின்றாலும் சங்கு குளிப்பு நம் கடலில் நிற்கவில்லை. குழாய்க் காற்றில் இறங்குவோர் நம்மிடையே உள்ளனர். அவருள் எவரேனும் இந்நோயினின்று மீண்டிருப்பின், நுரையீரலைச் சோதித்து டாக்டர் இசைவு தரும்வரை கடலில் இறங்கலாகாது. வேறெந்த அறுவைக்குச் சென்றாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் 'நான் பிளியோமைசின் பெற்றவன்' என்று முதலிலே சொல்லிவிடல் வேண்டும். மிகுதியாகக் கொடுக்கும் பிராணவாயுவும் அந்நுரையீரலுக்குப் பகையாகக் கூடும்.

மகப்பேறு பற்றியும் நாணமின்றிச் சொல்லிவிடுகின்றோம். ஒரு விரையை எடுத்தபின்னும் வழக்கமான மருந்து பெற்றோருட் பலர் தந்தையராகின்றனர். பேரளவு மருந்துக்குப் பின் அவ்வாய்ப்பு மிகவும் சுருங்கும். ஆதலின் முதல் மருந்து ஏற்றுவதற்கு முன்னரே விந்தணுவை உறையவைத்துச் சேமித்தல் வேண்டும். ஒரு நாள் வேலை அது. உயிரே போகிறது என்னும் பதைப்பில் வீட்டார் இதனைக் கேட்பதில்லை. மணமாகாத பையனிடம் எங்ஙனம் கேட்பது என்று நாணி விட்டுவிடுவதும் உண்டு. ஐந்தாண்டு கழித்து அவனுக்குப் பெண் பார்க்கும்போதுதான் அந்த ஒரு நாளின் விலை தெரியும். பெண்கொடுப்போரும் ஒன்று அறிக: இந்நோய் ஒட்டுவதன்று, மீண்டு ஆண்டுகள் கடந்தவனை நோயாளி என்று ஒதுக்குவது அறியாமை.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் ஈராண்டுக்குள்ளேதான். சிறுபான்மையோர்க்குப் பல ஆண்டு கழித்தும் திரும்புகிறது. மருந்தினால் விளையும் இரத்தப் புற்று பெரும்பாலும் முதற்சில ஆண்டுகளில் வரும். இரத்தத்திலுள்ள ஏ.எப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்னும் இரு குறிகளைக் காலந்தோறும் அளந்துவந்தால், கட்டி கண்ணுக்குத் தெரியுமுன்னே பலரிடத்து நோய் வெளிப்பட்டுவிடும். 'குணமாயிற்று' என்று பொங்கலிட்டு, மறு ஆண்டு முதல் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதிருப்போர் இதனைக் கேட்பாராக.

இச்சிகிச்சைக்கு மேல்நாடு போக வேண்டுமோ எனின், வேண்டா. மஜ்ஜை மாற்றம் நம் நாட்டில் 1983 மார்ச்சு மாதத்தில், அந்நாளிற் பம்பாய் என வழங்கிய மும்பையின் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்று கண்ட ஒரு சிறுமிக்கு முதன்முதற் செய்யப்பட்டது. 1986-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரத்தால் முயன்று, 1954-இல் சென்னை அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் நிலையத்தை அறியாதார் இலர். நம்மவர் பலர் 1981-இல் ஏற்பட்ட திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் செல்கின்றனர். இரவு முத்துநகர் வண்டியேறினால் விடியலிற் சென்னை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தகைய பெருஞ் சிகிச்சைகளுக்கும் இடமுண்டு. எந்த ஆஸ்பத்திரியில், எவ்வளவு என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்துகொள்க. வீட்டை ஈடுவைத்த பின்னர்க் கேட்பதிற் பயனில்லை.

இதனோடு கூட ஒரு போலியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 'ஸ்டெம் செல்' என்னும் பெயரைச் சொல்லி மூட்டுவலி, நீரிழிவு, பக்கவாதம், குழந்தைகளின் மனவளர்ச்சிக் குறை முதலியவற்றுக்கெல்லாம் ஊசி விற்போர் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வகுத்த நெறிமுறையில், இரத்த சம்பந்தமான சில நோய்கள் முதலியவற்றுக்குச் செய்யும் மஜ்ஜைக் குருத்தணு மாற்றம் போன்ற நிலைபெற்ற முறைகளையன்றி மற்றவை யாவும் ஆராய்ச்சி நிலையினவே என்றும், அவற்றை விலைக்கு விற்றலாகாது என்றும் கூறியிருக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தைப் பணங்கட்டிச் சேமிக்கச் சொல்லும் விளம்பரக்காரருக்கும் நாம் இன்று பேசிய சிகிச்சைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வளர்ந்த மனிதனின் எலும்பிலேயே வேண்டிய குருத்தணு இருக்கிறது.

இனி நிதியின் செய்தி. நம் சங்க விதிப்படி ஒரு நோய்க்கு ஒரே முறை உதவி. எலும்பு முறிவுக்கும் பிரசவத்துக்கும் இவ்விதி தகும், இந்நோய்க்குத் தகாது. ஒரே தொகையாகக் கொடுத்துவிட்டு, பிழைத்தான் என்று இவ்வாண்டறிக்கையில் எழுதிக்கொண்டால், மூன்றாம் ஆண்டு அவன் இரத்தச் சோதனைக்குச் சென்னை போக வண்டிச்சத்தம் இல்லாமல் வீட்டிலிருப்பதை யார் எழுதுவார்? ஆதலின் யாம் குழுவினர் முன் வைத்துள்ள தீர்மானம் இது: அவ்விண்ணப்பத்துக்கு உதவுக, உதவுந் தொகையில் ஒரு பகுதியைக் கைவிடாது நிறுத்திவைத்து, ஐந்தாண்டுவரை சோதனைச் செலவுக்கும் பயணத்துக்கும் ஆண்டுதோறும் கொடுக்க, செவிக் கருவி வேண்டுமாயின் அதற்கும் இதிலேயே இடமிடுக, இனி வரும் இளைஞர் விண்ணப்பங்களில் விந்தணுச் சேமிப்புச் செலவை மறுநாளே, குழு கூடும்வரை காத்திராமல், காரியதரிசி கொடுக்க அதிகாரம் அளிக்க. 'பிழைப்பான் என்று உறுதி உண்டோ?' என்று பொருளாளர் கேட்டார். இல்லை, பத்தில் ஐந்தாறு என்றோம். நம் சங்கம் கடல் வாணிகத்துக்குக் கடன் கொடுத்த நாள்களில், வள்ளம் கரைசேரும் என்பதற்கு இதனினும் மிகுந்த உறுதியைக் கேட்டதாக ஏடுகளில் இல்லை.

கூட்டம் முடிந்தபின் நம்மூர் டாக்டர் ஒருவர் சங்கத்து நூல்நிலைய அறையில் ஒரு மணி நேரம் இருக்க இசைந்திருக்கிறார். இளைஞர்கள் ஒருவர் ஒருவராகச் சென்று வினவலாம். பெயர் எழுத வேண்டுவதில்லை. தாய்மார்க்கு அம்மையார் டாக்டர் ஒருவர் மாடியறையில் இருப்பார். தீர்மானத்தின்மேல் பேச விரும்புவோர் தேநீருக்குப் பின் பெயர் கொடுக்கலாம் என்று தலைவர் அவர்கள் அறிவிக்கச் சொன்னார்கள்.